நான்காவது பிளக்

அன்புள்ள இளங்கோவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "வண்டிக்கு பிளக் மாத்தி எவ்ளோ நாளாச்சுப்பா? தனபால் வந்து ஓட்டிப் பாத்தாராம், இழுக்கவே இல்லன்னு சொல்றாராம்." நான், "புதுசு போட்டு மூணு மாசம்கூட ஆவல" என்றேன். நீ சட்டென்று, "சரிப்பா, போன் கார்டு தீரப்போவுது, வச்சிடறேன்" என்றாய். நான் சொன்ன வார்த்தைகளில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் அது ஏமாற்றுப் பதில். முப்பத்துமூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு அப்படிப்பட்ட பதில்கள் பார்த்தவுடனே தெரியும். கேட்டதை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதிவைக்கும் பையன்களுக்கு நான் சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் போவேன். அந்தக் கோட்டை எனக்கே போட்டுக்கொண்டு, பதிலை முதலிலிருந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ரயிலில் வேலைக்குப் போகும்போது படி.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். நம்முடையது போன்ற பழைய பெட்ரோல் பிக்கப்புக்கு ஸ்பார்க் பிளக் நான்கு. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, முனையில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். பதினைந்தாயிரம் ஓடியதும், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் நான்கையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். இது நம்மூர் மேட்டுப்பாளையத்து மெக்கானிக் கரீம் பாய் சொன்ன கணக்கு. நீ அங்கே பழைய கார் ஏதாவது வாங்கினால் அதற்குரிய புத்தகத்தைப் பார்த்துக்கொள். புது வண்டிகளுக்கு இன்னும் அதிக தூரம் தாங்கும் என்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு சிலேட்டுக் குச்சிதான் ஞாபகம் வந்தது. எழுதினால் தேயும், எழுதாமல் பெட்டியில் வைத்தால் அப்படியே இருக்கும். நீ பாரீசுக்குப் போன அன்று வண்டியின் மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துவைத்தேன். தனபால் ஓட்டிப் பார்த்த நாள்வரை, இரண்டு வருடமும் அதே எண்தான். குச்சிக் கணக்குப்படி பிளக்கைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் நான் மூன்று முறை மாற்றினேன்.

எப்படி என்று சொல்கிறேன். நீ கிளம்பிய காலை உனக்கு ஞாபகம் இருக்கும். மருமகள் கலைவாணி ஆறு மாதம் முன்னாலேயே அங்கே போய்விட்டிருந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து நேஷனாலிட்டி வாங்கிய குடும்பம், அவளுக்குப் போவதில் சிக்கல் இல்லை. உன் விசா வந்த வாரமே டிக்கெட்டும் வந்துவிட்டது. உன் அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருடம். கார் வந்து வாசலில் நிற்கிறது, நீயோ ஷெட்டில் வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "ப்பா, இத மட்டும் பாத்துக்குங்க. வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் வுடுங்க. பேட்டரி டவுனாவாது. எப்படியும் ரெண்டு வருசத்துல வந்துடுவேன்" என்றாய். நான் தலையாட்டினேன். வேறு என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் பேசவில்லை.

எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் சாவி திருகத் தெரியும், கடிகாரம் பார்க்கத் தெரியும். ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு ஷெட்டைத் திறப்பேன். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வேன். சரியாகப் பத்து நிமிடம், பள்ளியில் பீரியடு விடுவது மாதிரி. அணைப்பேன். கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து போன் பக்கத்தில் உட்காருவேன். ஐந்து மணிக்கு நீ கூப்பிடுவாய்.

"வண்டி ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"பேட்டரி?"

"நல்லா இருக்கு."

"பெட்ரோல் கீது இருக்கா?"

"இருக்கு. சாப்டியா?"

"சாப்டேன்ப்பா. வச்சிடறேன்."

இரண்டு வருடம் இதுதான் நம் பேச்சு. குறையாகச் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒரு வாரத்தில் யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள் என்றால் அது நீ கேட்பதுதான். பால்காரர் பையை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் உழவர்கரையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திங்கள், செவ்வாய்க்கெல்லாம் தனித்தனி முகம் கிடையாது, எல்லா நாளும் ஒன்றுபோலத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் உண்டு.

ஆறாவது மாதம் வண்டி இருமத் தொடங்கியது. கரீம் பாயைக் கூட்டிவந்தேன். அவர் பிளக்குகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வரிசையாக வைத்தார். முனையெல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல இருந்தது. "எம்மா தூரம் ஓடிச்சு சார்?" என்றார். ஓடவே இல்லை, வாரம் பத்து நிமிடம் நிறுத்திவைத்தபடி ஓடவிடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதான் சார் கேடு. சோக்க இழுத்து நிக்க வச்சே ஓட்னா பிளக்கு சூடே ஏறாது, கரி புடிச்சிக்கும். ரோட்ல இருவது கிலோமீட்டர் வெரட்டுனா அந்தச் சூட்டுலயே தன்னால எரிஞ்சு சுத்தமாயிடும். மொகத்தப் பாத்தா காப்பித்தூள் கலர்ல இருக்கணும். இது தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி இருக்கு."

அவரையே ஓட்டச் சொல்லியிருக்கலாம். மாதம் ஒருமுறை விழுப்புரம் சாலையில் ஒரு சுற்று, அவ்வளவுதான் வேலை. நான் கேட்கவில்லை. பிள்ளை என்னிடம் ஒப்படைத்த வேலையை இன்னொருவர் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடைக்குப் போய் ஒரு ஸ்பேனரும் புது பிளக்கும் வாங்கிவந்து நானே மாற்றினேன். கழற்றிய பழசுகளைத் துடைத்து, வெள்ளைப் பீங்கான் பகுதியில் பென்சிலால் எண்ணும் மாதமும் எழுதி, காலிச் சாக்பீஸ் பெட்டியில் அடுக்கினேன். சோதனைக்கூடத்துப் பழக்கம். முன்னால் இருக்கிற மூன்றும் சுலபமாக வந்துவிட்டன. நான்காவது உள்ளே தள்ளி இருந்தது, என் கை எட்டவில்லை. மூன்று போதும் என்று மூடிவிட்டேன். அடுத்த முறை கரீம் பாய் வந்து அதைக் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சார், மூணு புள்ளைக்குப் புதுச்சட்ட, நாலாவதுக்குக் கந்தலா?" என்று கேட்டுவிட்டு, மடங்குகிற மாதிரி ஒரு ஸ்பேனரை எனக்கு இரவல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் வெகுநேரம் ஷெட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீ எட்டாவது படித்த வருடம் உனக்கு நான் அறிவியல் எடுத்தேன். வாத்தியார் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்துவரும் உன்னைப் பள்ளிக்கு இரண்டு தெரு முன்னால் ரொட்டிக்கடை முனையிலேயே இறக்கிவிடுவேன். மழையிலும் அப்படித்தான். வகுப்பில் நீ ஜன்னல் ஓரம். நான் கேள்வி கேட்டதும் உன் கைதான் முதலில் மேலே போகும். வேறு யாரையாவது எழுப்புவேன். பதில் தெரியாத பையனை எழுப்புவேன், தூங்குகிறவனை எழுப்புவேன். ஒருநாள் நெம்புகோல் பாடம். பீரியடு முழுக்க உன் கை தூக்கியபடியே இருந்தது. வலித்ததும் இடதுகையால் முழங்கைக்குக் கீழே முட்டுக்கொடுத்துக்கொண்டாய். மணி அடித்தது, நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று வீட்டில் நீ அம்மாவிடம், "அப்பாவுக்கு என் கை தெரியவே இல்லியாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். அவள் என்னிடம் வந்து சண்டை போட்டாள். "தெரியுது. அதனாலதான் கேக்கல" என்றேன். அதை ஒரு பெரிய நியாயமாக நினைத்துக்கொண்டு அன்று நன்றாகவே சாப்பிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து உன் கை மேலே வரவில்லை. நான் அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

இப்போது தனபால் விஷயத்துக்கு வருகிறேன். நீ சித்திரையில் கூப்பிட்டு, அங்கேயே வீடு வாங்கப்போகிறோம், வண்டியை விற்றுவிடுங்கள், தனபால் என்று ஒருவர் வருவார் என்றாய். கலைவாணிக்கு ஐந்தாம் மாதம் என்பதையும் அப்போதுதான் சொன்னாய், பேட்டரிக்கும் பெட்ரோலுக்கும் நடுவில். எனக்கு சந்தோஷமாக இருந்தது. போனை வைத்தபிறகுதான் மற்றது உறைத்தது. வண்டி போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்பாய்?

தனபால் உழவர்கரையில் நர்சரி வைத்திருக்கிறார், கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களுக்குத் தொட்டிச் செடி போடுகிறவர். சத்தமும் புகையும் இல்லாமல் குறுகிய தூரம் போக பெட்ரோல் வண்டிதான் வேண்டும் என்று உன் சிநேகிதனிடம் சொல்லிவைத்திருந்தாராம். அவர் வருவதாகச் சொன்ன நாளில் காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். ஒரு மாதம் முன்னால் போட்ட நான்கு பிளக்கும் ஓரளவு நன்றாகவே இருந்தன. கரீம் பாயின் மடங்கு ஸ்பேனரை எடுத்து நான்காவதைக் கழற்றினேன். சாக்பீஸ் பெட்டியைத் திறந்து, இருந்ததிலேயே கரி அதிகமாகப் பிடித்திருந்த பழைய நான்காவதை எடுத்து அந்த இடத்தில் போட்டேன். பின்னால் இருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன். புதியதைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தனபால் பத்து மணிக்கு வந்தார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு நந்தியாவட்டைச் செடியைப் பையில் கொண்டுவந்திருந்தார். வண்டியை வெளியே எடுத்தார். அது மூன்று காலில் நடக்கிற மாடு மாதிரி குலுங்கிக்கொண்டு போனது. கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"மூலக்குளம் போறதுக்குள்ள மூணு தடவ நின்னுச்சு சார். செடி ஏத்துனா அவ்ளோதான்."

"பழைய வண்டிதானே" என்றேன்.

"இல்ல சார், வாத்தியார் வீட்டு வண்டி, நல்லா வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க. அதான் கண்ண மூடிக்கிட்டு வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. செடிய வச்சிக்குங்க, நெழல்ல வைக்காதீங்க." என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். என் சட்டைப் பையில் பிளக் கனத்தது. அந்தச் செடிக்கு நான் இன்றுவரை தண்ணீர் ஊற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் முகம்தான் தெரிகிறது.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். புதுசு போட்டு மூன்று மாதம் ஆகவில்லை என்று நான் சொன்னது அந்தப் புது பிளக்கைப் பற்றி. அது வண்டியில் இல்லை, என் மேசை டிராயரில் இருந்தது. உன் வீட்டுக் காரியம் என்னால் ஒன்றரை மாதம் தள்ளிப்போயிருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சட்டென்று போனை வைத்தபோது, உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். தெரியாவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை கரீம் பாயை வரச்சொன்னேன். அவராகவே கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா நின்றேன். சொல்கிற தைரியம் எனக்கு வரவில்லை. நான்காவதைக் கழற்றினார். பென்சில் எழுத்தைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்? இத நான் தூக்கிப் போடச் சொன்னேனே. யார் மாட்னது?"

"நான்தான்."

"ஏன் சார்?"

"வண்டி போயிட்டா ஞாயித்துக்கெழம அவன் எத பாய் கேப்பான்?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "எம் பொண்ணு துபாய்ல இருக்கு சார். போன் பண்ணா, அத்தா அங்க மழ பெய்யுதான்னு கேக்கும். மே மாசத்துலகூட அதத்தான் கேக்கும்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"பெய்யுதுன்னு சொல்லிடுவேன்" என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபின் அவர் நான்கிலும் புதிது போட்டு, "ஏறுங்க சார், ஒரு வெரட்டு வெரட்டிட்டு வரலாம்" என்றார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நீ இந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, மேட்டுப்பாளையத்துக் கம்பெனியிலிருந்து பிளாஸ்டிக் குடமும் வாளியும் ஏற்றி ஊரெல்லாம் கடைகளுக்குப் போட்ட ஐந்து வருடத்தில், நான் ஒருநாள்கூட இதில் ஏறியதில்லை. டிகிரி படித்துவிட்டு வாளி ஏற்றுகிறாயே என்று கோபம். "வாங்கப்பா, பஜார்ல எறக்கிவுடறேன்" என்று நீ இரண்டு தடவை கூப்பிட்டாய். ஸ்கூட்டர் இருக்கிறது என்றேன். அம்மாதான் உன்னோடு வருவாள், ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு. அந்த சீட்டில் உட்கார்ந்தால் சாலை எவ்வளவு உயரத்திலிருந்து தெரிகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. முன்னால் இருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்தேன், உன் கையெழுத்தில் ஒரு கடைப் பட்டியல் இருந்தது. சிவப்பு வாளி இருபது, பச்சைக் குடம் பன்னிரண்டு. வாளியைத் தப்பாக எழுதியிருந்தாய். நான் திருத்தவில்லை, மடித்து வைத்துக்கொண்டேன்.

வில்லியனூர் தாண்டிப் போய்த் திரும்பினோம். வீட்டில் வந்து சூடு ஆறியதும் நான்கையும் கழற்றிப் பார்த்தோம். நான்குமே லேசாகக் காப்பித்தூள் நிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தன.

இன்று புதன். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனபாலின் நர்சரிக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கையில் மண்வெட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எங்கப்பா ஒரு தடவ மாட்ட விக்கறேன்னுட்டு, வாங்க வந்தவன்கிட்ட, இது ஒதைக்கும் ஜாக்கிரதன்னு சொல்லிட்டாரு சார். ஒதைக்கவே ஒதைக்காது அது. வீட்ல அம்மாகிட்ட ஒரு மாசம் திட்டு வாங்குனாரு" என்றார். சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறார். நந்தியாவட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டார், பூத்திருக்கிறது என்றேன்.

இளங்கோ, உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இந்த மாதம் இல்லை, ஆனாலும் ஒன்றே ஒன்று. கலைவாணியிடம் வாடகை, ரயில், பால், மருந்து மட்டும் பேசாதே. நானும் உன் அம்மாவும் கடைசிப் பத்து வருடம் அப்படித்தான் பேசினோம். எங்களுக்குள் சண்டையே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று அவள் போனபிறகு, பீரோவைத் திறந்துதான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாளாகும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும். "வண்டி போயிடுச்சாப்பா?" என்று கேட்பாய். "போயிடுச்சு" என்பேன். அந்த வாரத்துக்கு அது போதும். இதை நீ படித்தபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு உனக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. அதற்காகக் கூப்பிடாமல் இருந்துவிடாதே. எதுவும் யோசித்து வைக்கவும் வேண்டாம். என்னிடம் கேள்விகள் இருக்கின்றன, நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாய், அப்போது அங்கே வெளிச்சம் வந்திருக்குமா. வேலையிடத்தில் உன்னை என்ன பெயரிட்டுக் கூப்பிடுகிறார்கள். வாளி ஏற்றிய காலத்தில் நசுங்கிய அந்த விரல் குளிரில் வலிக்கிறதா. அந்த நெம்புகோல் பாடத்தன்று உன்னிடம் என்ன பதில் இருந்தது.

ஐந்து மணிக்குப் போன் பக்கத்தில் இருப்பேன். நீ கையைத் தூக்க வேண்டாம். நான் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா
ரெட்டியார்பாளையம்